இரண்டு நட்டும் ஒரு ஸ்குரூவும்

சிரஞ்சீவி செந்திலுக்கு,

ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளில் வாடல் நோய் கண்ட தென்னைகளை வெட்டி அப்புறப்படுத்தும் வேலையை நீ ஏற்றிருப்பதையும், கையாலேயே திருகிச் செயினை இறுக்கும் உன் செயின்சாவின் அமைப்பு அடிக்கடி சிக்கிக்கொள்வதால் பழைய மாதிரி ஸ்குரூவையே பொருத்திவிடலாமா என்று நீ கேட்டிருப்பதையும் உன் கடிதத்தில் கண்டேன். 1882-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட அந்நோய், மலை தாண்டி நம் பொள்ளாச்சிச் சீமைக்கும் வந்துவிட்டது. மரத்தை உடனே கொல்லாமல் காய்ப்பைக் குறைத்து நலிவிக்கும் அதற்கு மருந்து இல்லாமையால், வெட்டுகிறவனுக்கு ஓய்வில்லை. ஆகவே உன் கேள்வி அவசியமானதே.

அறுக்கும்போது உராய்வின் உஷ்ணத்தால் செயின் நீளும். தொய்ந்த செயின், தான் சுற்றி ஓடும் பட்டையான பாரின் பள்ளத்தை விட்டுத் துள்ளி ஆளை அடிக்கவும் கூடும். இதைத் தடுக்கப் பாரை முன்னே தள்ளவேண்டும், தள்ளிய இடத்தில் அது அசையாதபடி பிடித்துக்கொள்ளவும் வேண்டும்; இவை இரு வேறு கிரியைகள் என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். உன் மிஷினில் பல் வைத்த சக்கரம் ஒன்று பாரைத் தள்ளுகிறது. கைப்பிடியுள்ள ஒரே நட்டு அதை அழுத்திப் பிடிக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் மாங்கிளை கழிப்பவருக்கு அது சௌகரியந்தான். ஆனால் தென்னையின் அடிமரம் வெளிவட்டத்தில் மிகக் கடினமானது; அதன் நார்த்தூள் எண்ணெயில் குழைந்து, ஆறிய கம்பங்களிபோல் பற்களின் இடுக்கில் அப்பிக்கொள்ளுமானால் எந்தச் சக்கரம் சுழலும்?

பழைய முறையிலோ தள்ளுவதை ஸ்குரூவும், பிடிப்பதை இரண்டு நட்டும் செய்கின்றன. ஒரே மாடலை இந்த இரு விதமாகவும் விற்கும் கம்பெனிகள் உண்டு. அப்படியானால் ஸ்குரூ உட்காரும் இடமும், நட்டு ஏறும் போல்ட்டுகளும் உன் மிஷினின் உடலிலேயே இருக்கக்கூடும். கவரைக் கழற்றிப் பார். இருந்தால் ஸ்குரூ, அதன்மேல் நகரும் முளை, உட்தகடு, ஸ்ப்ராக்கெட் கவர், இரண்டு நட்டு ஆகியவற்றை அந்த மாடலுக்கே உரியவையாகக் கேட்டு வாங்கு. இல்லாவிட்டால் துளை போடத் துணியாதே. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த காலந்தொட்டு மோட்டாரும் பம்பும் செய்து பழகிய கோயமுத்தூரில் எந்தப் பட்டறையிலும் லேத்துக்காரர் எதையும் கடைந்து தருவார் என்பதை நானும் அறிவேன். ஆயினும் அந்த மெல்லிய வார்ப்புக்குப் பின்னாலேயே எண்ணெய்த் தொட்டி இருக்கலாம்.

உரிய உறுப்புகள் கிடைத்தால், மாற்றும் முன் ஸ்பார்க் பிளக்கின் மூடியை முதலில் கழற்றிவிடு, கையுறை அணிந்துகொள். பாரில் மாட்டியுள்ள பழைய சக்கரத்தை எடுத்துவிட்டு, பள்ளத்தையும் எண்ணெய்த் துளையையும் பிரஷ்ஷால் சுத்தம் செய். புது உறுப்புகளைப் பொருத்திப் பாரையும் செயினையும் மாட்டியபின், முளை பாரின் சிறு துளைக்குள் சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகே கவரை மூடவேண்டும். விழாமல் மூடி இறுக்கினால் பாரும் கெடும், முளையும் வளையும். நட்டுகளை விரலால் மட்டும் முடுக்கு. பிறகு பாரின் நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடி, செயினின் அடிப்பக்கம் பாரைத் தொடுமட்டும் ஸ்குரூவைத் திருகு. தூக்கிய கையை விடாமலே நட்டுகளை ஸ்பேனரால் இறுக்கு. நட்டு இறுகியிருக்கையில் ஸ்குரூவைத் திருகுவது மரையை அழிப்பதாகும். கையால் இழுத்தால் செயின் வழுக்கி ஓடவேண்டும். மேல்பக்கத்தின் நடுவில் தூக்கினாலும் அடிப்பற்கள் பள்ளத்தை விட்டு வெளியே வரக்கூடாது.

புதுச் செயினானால் சில வெட்டுகளுக்கு ஒருமுறை நிறுத்திப் பார். சூட்டில் இறுக்கிய செயினைச் சாயங்காலம் அப்படியே வைத்துவிடாமல் தளர்த்திவிடு. ஆறிச் சுருங்கும் செயின் கிராங்கையும் பேரிங்கையும் இழுத்து வருத்தும். நட்டு புல்லில் விழுந்தால் கிடைக்காது. உபரியாக இரண்டை டப்பாவில் போட்டு வை.

இப்படிக்கு,
உன் அப்புச்சி