பிள்ளைகளோடு ஒரு நாள்: புள்ளலூர் முதல் உத்திரமேரூர் வரை



பள்ளி விடுமுறை வந்தால் சென்னையிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் உறவுக்காரப் பிள்ளைகள் நம் வீடுகளுக்கு வருகிறார்கள். இரண்டு நாள் ஓடியாடிவிட்டு மூன்றாம் நாள் கைபேசியில் மூழ்கிவிடுகிறார்கள். "இந்த ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்ற கேள்விக்கு, "ஒண்ணுமில்லை, வயலும் ஏரியும்தான்" என்று நாமே பதில் சொல்லிவிடுகிறோம்.

அந்தப் பதில் சரியல்ல. பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவைக் கவனித்துப் பாருங்கள் என்று நம் மார்க்கம் சொல்கிறது. அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் புள்ளலூரே ஒரு பாடப்புத்தகம்.

முதல் பாடம்: வயல் நடுவே இரண்டு தூண்கள்

புள்ளலூரில் உயரமான இரண்டு நினைவுத்தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்ட் 27 அன்று இங்கே நடந்த போரில் இறந்த கம்பெனிப் படை அதிகாரிகளான லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன், கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப் ஆகிய இருவருக்காக எழுப்பப்பட்டவை அவை. அன்று ஒரு பக்கம் ஹைதர் அலி, மறுபக்கம் ஜெனரல் அயர் கூட்.

அதற்கு ஓராண்டுக்கு முன், 1780 செப்டம்பர் 10 அன்று, இதே பகுதியில் இதைவிடப் பெரிய போர் நடந்தது. குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படையில், வழியில் வந்து சேர்ந்தவர்களையும் சேர்த்து, நாலாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தார்கள். அவர்களை ஹைதர் அலியும் அவருடைய மகன் திப்புவும் சூழ்ந்துகொண்டார்கள். காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோ உரிய நேரத்தில் உதவிக்கு வந்து சேரவில்லை. (சென்னையில் குதிரை மேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ வேறு ஒருவர்.) பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அத்தோடு போர் முடிந்தது. பெய்லி கைதாகி ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுபோகப்பட்டார். மன்றோ தன் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரின் ஓவியத்தை இன்றும் பார்க்கலாம்.

இன்னும் பின்னே போனால், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னர் மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது.

பிள்ளைகள் செய்ய வேண்டியது: ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். தூணைச் சுற்றி எத்தனை அடி என்று காலால் அளக்கட்டும். கல்லில் உள்ள எழுத்தில் படிக்க முடிந்ததை எழுதட்டும். உட்கார்ந்து படம் வரையட்டும். தூண் மேல் ஏறுவதும், பெயர் கிறுக்குவதும் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் மதரஸா பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனபோது ஒரு சிறுவன் கேட்டான்: "ரெண்டு பேர் பேருதானே இருக்கு? செத்துப்போன மத்தவங்க பேரு எங்கே?" நாங்கள் சொல்லிக்கொடுக்க நினைத்திருந்த எல்லாவற்றையும்விட அது நல்ல கேள்வி.

இரண்டாம் பாடம்: திப்புவை எப்படிச் சொல்லித் தருவது?

இதில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும். கைபேசியில் நம் பிள்ளைகளுக்கு இரண்டு விதமான திப்பு கிடைக்கிறார். ஒன்று, வெறுப்போடு சொல்லப்படும் திப்பு. மற்றொன்று, அதற்குப் பதிலாக நாம் வீம்போடு சொல்லும் திப்பு. இரண்டுமே பிள்ளைகளுக்கு நன்மை தராது. பகைவர் விஷயத்திலும் நீதி தவறக் கூடாது என்பது நமக்குள்ள கட்டளை. நம்மவர் என்று கருதுவோர் விஷயத்திலும் அதே நீதிதான்.

எனவே உள்ளதைச் சொல்லுங்கள். இது மதப் போர் அல்ல. கம்பெனியின் பக்கம் நின்ற ஆற்காடு நவாப் முகம்மது அலி ஒரு முஸ்லிம். ஹைதரிடமும் திப்புவிடமும் உயர் பொறுப்பில் இருந்த பூர்ணய்யா ஒரு இந்து. பெய்லியின் படையில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்ல, இந்நாட்டுச் சிப்பாய்கள்.

வெற்றியைச் சொல்லும்போது துயரத்தையும் சொல்லுங்கள். அந்த ஆண்டு ஹைதரின் படை கம்பெனிக்கு உணவு கிடைக்கக் கூடாதென்று சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களை எரித்துப் பாழாக்கியது. உழவர்கள் வீட்டையும் விளைச்சலையும் இழந்தார்கள். பஞ்சம் வந்தது. அவர்களுக்கும் தூண் இல்லை. இதையும் கேட்டு வளரும் பிள்ளை, நாளை யார் எதைச் சொல்லித் தூண்டினாலும், "அப்படியா? முழுசாச் சொல்லுங்க" என்று கேட்கும்.

மூன்றாம் பாடம்: பலூன் ராக்கெட்

மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்து, மூங்கில் கழி கட்டியவை. அப்போது ஐரோப்பாவில் இருந்த அட்டைக் குழாய் ராக்கெட்டுகளைவிட இவை வெகுதூரம் போயின. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இவை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டன. இவற்றை ஆராய்ந்துதான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் 1960களில் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்தில் பயிற்சி பெற்றபோது, திப்புவின் படை ராக்கெட் விடும் ஓவியம் அங்கே மாட்டியிருந்ததைக் கண்டு வியந்து, தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

வீட்டு முற்றத்தில் இதைச் செய்து பார்க்கலாம். நீளமான நூலை ஒரு உறிஞ்சுகுழலில் கோத்து, இரண்டு தூண்களுக்கு இடையே இறுக்கிக் கட்டுங்கள். பலூனை ஊதி, வாயைக் கையால் பிடித்தபடி, டேப்பால் அந்தக் குழலில் ஒட்டுங்கள். கையை விட்டால் காற்று பின்னால் போகும், பலூன் முன்னால் பாயும். அன்றைய ராக்கெட்டும் இன்றைய ராக்கெட்டும் இதே விதிப்படிதான் பறக்கின்றன. பட்டாசு வேண்டாம், பலூன் போதும்.

நான்காம் பாடம்: குடத்தில் ஓலை

மாலையில் உத்திரமேரூர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 920ஆம் ஆண்டு வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறையை அது சொல்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. உறுப்பினருக்கு வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, எதுவும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். குழந்தையின் கைக்குச் சார்பு கிடையாது என்பதே காரணம்.

குறையையும் சொல்லுங்கள். அது பிராமணர் ஊர்ச்சபை. பெண்களுக்கும், உழைத்த பெரும்பாலோருக்கும் அதில் இடமில்லை. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பது குடியரசு இந்தியா தந்தது.

அது நம் அண்டை வீட்டார் வழிபடும் இடம். அங்கிருப்பவரிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றி, சத்தமின்றிக் கல்வெட்டைப் பார்த்து வாருங்கள். நம் பள்ளிவாசலுக்கு வருபவரிடம் நாம் எதிர்பார்க்கும் அதே ஒழுக்கம்தான்.

வீடு திரும்பியதும் ஒரு குடமும் காகிதத் துண்டுகளும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை தண்ணீர் பிடிப்பவர் யார், நன்னிக்கு மருந்து எடுத்துத் தருபவர் யார் என்று எழுதிப் போட்டு, வீட்டின் கடைக்குட்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்

* வெயில் ஏறுமுன் காலை 7 மணிக்கே புள்ளலூருக்குப் போய்விடுங்கள். தண்ணீர், தொப்பி, அவித்த கடலை போதும்.
* லுஹர் தொழுகைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் காஞ்சிபுரம் வந்துவிடலாம்.
* கோயில்கள் நண்பகலில் நடை சாத்துவது வழக்கம். உத்திரமேரூருக்கு அஸருக்குப் பின் போவது நல்லது.
* ஏரிக்கரையில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

இரவு சாப்பாட்டின்போது கேளுங்கள்

1. தூணில் யாருடைய பெயர் இருக்கிறது? யாருடையது இல்லை?
2. ஓலை எடுக்கச் சிறுவனை ஏன் அழைத்தார்கள்?
3. கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை என்றது சரியா?
4. நம் ஊரைப் பற்றி எழுதும் வாய்ப்பு உனக்குக் கிடைத்தால் கல்லில் என்ன எழுதுவாய்?

பதில் தவறாக இருந்தாலும் முழுவதும் கேளுங்கள். உண்மையை நேசிக்கும், நீதி தவறாத பிள்ளைகளாக அவர்களை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.