மேலே ஒன்றுமில்லை என்று எழுதிய மகளுக்கு

அக்கரைப்பற்று

அன்பு மகளுக்கு,

கடிதமும் கிடைத்தது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களும் கிடைத்தன. சுபஹ் தொழுத கையோடு வேனில் ஏறி, கோவிந்தஹெல மலைக்கோட்டை, சேனாநாயக்க சமுத்திரம், இராஜகல மடாலயம் மூன்றையும் ஒரே பகலில் பார்த்துவிட்டு இஷாவுக்கு வீடு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். இளம் கால்கள். அல்லாஹ் அந்தப் பலத்தை நீடிக்கச் செய்யட்டும்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி மூன்று நாளாக என்னை விடவில்லை. "கோட்டைக்கு மேலே ஒன்றுமில்லை சேர். புதரும் கொஞ்சம் செங்கல்லும் ஒரு குழிக்குள் பச்சைத் தண்ணீரும்தான். இதற்கா அவ்வளவு ஏறினோம் என்று தம்பி கேட்டான்" என்று எழுதியிருந்தாய். தம்பி கேட்கலாம், அவனுக்குப் பதினொரு வயது. நீ வரலாறு படிக்கிற பிள்ளை. நீ அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது.

அந்தக் குழியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

1215இல் கலிங்கத்து மாகன் வந்து பொலன்னறுவையைப் பிடித்த கதையை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பாடப்புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடுகிறது. மாகனுக்குப் பணியாத தலைவர்கள் எங்கே போனார்கள் என்று சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் ஒருவர் ஒருவராகச் சொல்கிறது. சுபன் என்ற சேனாபதி யாப்பகூவாப் பாறைக்குப் போனான். புவனேகபாகு என்ற இளவரசன் கோவிந்தப் பாறையில் ஊர் அமைத்து, உருகுணையைக் காத்து, அங்கிருந்த பிக்குகளுக்கும் ஆதரவாக இருந்தான். அந்தப் பாறைதான் நீ ஏறியது. வெள்ளைக்காரர் தூரத்திலிருந்து அதன் வடிவத்தைப் பார்த்துவிட்டு வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்று பெயர் வைத்தார்கள். வேன் சாரதி உங்களுக்குச் சொன்னதும் அந்தப் பெயர்தானாம். நீ கோவிந்தஹெல என்றே சொல்லிப் பழகு.

இப்போது யோசி. ஓர் இளவரசன் படையோடும் குடும்பத்தோடும் செங்குத்துப் பாறையின் உச்சிக்குப் போகிறான். எதிரி கீழே காத்திருக்கிறான். அரிசியை மூட்டையில் ஏற்றிவிடலாம். தண்ணீரை எத்தனை நாளைக்கு ஏற்றுவது? நம் பக்கத்துக் கச்சான் காற்று ஒரு வாரம் அடித்தாலே கிணறு இறங்கிவிடும். கல்லும் வாளும் இருந்தும், தாகத்தால் இறங்கி வந்து சரணடைந்த கோட்டைகள் உலகத்தில் நிறைய. மழைநீர் தங்கும் ஒரு குழி மேலே இருந்தால் அந்தப் பாறை கோட்டை. இல்லாவிட்டால் அது வெறும் பாறை. நீ செங்கல்லைத் தேடினாய் மகள். கோட்டை அந்தப் பச்சைத் தண்ணீரில் இருந்தது.

வள்ளுவர் அரண் அதிகாரத்தில் ஓர் அரணுக்கு என்னென்ன வேண்டும் என்று அடுக்குகிறார். தெளிந்த நீரை முதலில் வைக்கிறார், பிறகு வெட்டவெளி நிலம், அதற்குப் பிறகே மலை, கடைசியில் நிழல் தரும் காடு. உரையாசிரியர்கள் இந்த வரிசையைப் பற்றி அதிகம் பேசவில்லை. எனக்கு அது தற்செயல் என்று தோன்றவில்லை. முற்றுகையைக் கண்ட ஒருவர், அல்லது கண்டவரிடம் கேட்டறிந்த ஒருவர் போட்ட வரிசை அது.

இந்த இடத்தில் என் வாசிப்பிலிருந்து ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோவிந்தஹெலவில் புவனேகபாகு இருந்த அதே நூற்றாண்டில், ஈரானின் வடக்கு மலைகளில் அலமூத் என்ற கோட்டை இருந்தது. 1090இல் ஹசன் இப்னு ஸப்பாஹ் அதைக் கைப்பற்றியதிலிருந்து ஈரான் இஸ்மாயிலிகளின் தலைமையிடம் அதுதான். 1256இல் மங்கோலியர் அதைப் பிடித்தபோது அவர்களோடு போனவர் ஜுவைனி என்ற வரலாற்றாசிரியர். அந்தக் கோட்டைக்காரர்மீது அவருக்கு அடங்காத வெறுப்பு. ஆனால் பாறையில் வெட்டிய நீர்க் கால்வாயையும் தொட்டிகளையும் பண்டகசாலைகளையும் பார்த்ததும் அவருடைய பேனா மாறிவிடுகிறது, வியந்து வியந்து எழுதுகிறார். தேன் நிரப்பிய ஒரு தொட்டிக்குள், ஆழம் தெரியாமல் ஒருவன் இறங்கிவிட்டான் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார். நூலகத்திலிருந்து அந்தப் புத்தகத்தை இரண்டு தடவை எடுத்துப் படித்தேன், இரண்டு தடவையும் அந்தத் தொட்டிப் பக்கங்களுக்காகத்தான். எதிரியின் கோட்டையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி இராஜகல. இங்கே நான் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய படங்களில் தாதுகோபம் இருக்கிறது, கற்தூண்கள் இருக்கின்றன, நீங்கள் எல்லோரும் பெரிய கற்பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். குகைகளில் ஒரே ஒரு படம், அதுவும் தம்பி உள்ளே படுத்திருக்கிற படம். அந்தக் குகையின் நெற்றியைப் பார்த்தாயா? பாறையின் விளிம்பில், வாய்க்கு மேலே, பக்கத்துக்குப் பக்கம் ஓடுகிற ஒரு வெட்டு இருந்திருக்கும். சிங்களத்தில் கட்டாரம் என்பார்கள். நான் நீர்வடி விளிம்பு என்று எழுதுவது வழக்கம். இலங்கையில் இருக்கிற பழைய வேலைப்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் சிகிரியாவைச் சொல்ல மாட்டேன், இந்த வெட்டைத்தான் சொல்வேன்.

அது என்ன செய்கிறது என்று உன் வீட்டு அடுப்படியிலேயே பார்க்கலாம். கேத்தலை மெல்லச் சரித்துத் தேத்தண்ணி ஊற்று. தண்ணீர் கோப்பைக்குள் விழாமல் மூக்கின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே ஓடி மேசையில் வடியும். தண்ணீருக்கு எதையும் ஒட்டிக்கொண்டு போகிற குணம். மலையில் பெய்கிற மழையும் அப்படித்தான், பாறையின் நெற்றியைத் தாண்டியதும் கீழே விழாது. வளைவை ஒட்டிக்கொண்டே உள்ளே ஊர்ந்து, குகையின் கூரை முழுக்க நனைத்து, படுத்திருப்பவர் தலையில் சொட்டும். வளைவின் குறுக்கே உளியால் ஒரு கூரான விளிம்பை வெட்டிவிட்டால், தண்ணீருக்கு ஒட்ட இடமில்லாமல் போகும். விளிம்பில் வந்து தொங்கி, கனத்து, நேரே கீழே விழும். அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் ஈரமில்லாத இடம்.

இன்றைக்கும் நம் ஊர் மேசன்மார் ஜன்னலுக்கு மேலே கொங்கிறீட் தட்டு வார்க்கும்போது, அதன் அடிப்பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு இழுத்து விடுவார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், மூத்த மேசன் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள். அந்த மூத்த மேசனுக்கு யார்? இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஒரு மார்கழி மாதம் இராஜகல மலையின் ஒரு குகைக்குள் மழைக்கு ஒதுங்கி நின்றேன். யுத்த காலத்தில் இந்தக் காடுகளுக்குள் நாம் கால் வைக்க முடியாது. கல்வெட்டுகளைப் புத்தகத்தின் படங்களில் மட்டுமே பார்த்து வயதாகிவிட்டவன் நான். 2009க்குப் பிறகுதான் நேரில் போனேன். மழை கொட்டியது. குகை வாயில் கைப்பிடி அளவு இடைவெளி விட்டு விட்டு, நூல் கட்டியதுபோல் நேர்வரிசையில் தண்ணீர் விழுந்தது. கீழே மண்ணிலும் அதே வரிசையில் சின்னச் சின்னப் பள்ளங்கள். உள்ளே கூரையைத் தடவிப் பார்த்தேன், தூசி கையில் ஒட்டியது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய வேலை, ஒரு சொட்டும் தவறவில்லை. கண் கலங்கிவிட்டது.

இதில் இன்னொரு விஷயம். பிக்குகள் மழைக்கால மூன்று மாதம் வஸ் இருப்பதற்காகக் குகைகள் தானம் செய்யப்பட்டன என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நீயும் எழுதியிருக்கிறாய். மழைக்காலம் என்று எந்த நாட்டு மழையைச் சொல்கிறாய்? வஸ் காலம் ஆடி பௌர்ணமியை ஒட்டித் தொடங்குகிறது. அது கங்கைக்கரை மழைக்குக் கணக்கிட்ட காலம். நம் கரையில் அந்த மாதங்களில் கச்சான் அடித்து மண் வெடித்துக் கிடக்கும். நமக்கு மழை மாரியில், ஐப்பசி தொடங்கித் தை வரை. ஆகவே இராஜகலவில் அந்த விளிம்பை வெட்டியவர்கள் வஸ் முடிந்த பிறகும் அங்கே ஆட்கள் இருப்பார்கள் என்று கணக்கிட்டு வெட்டியவர்கள். நூலைப் பார்த்து வெட்டியிருக்க மாட்டார்கள், வானத்தைப் பார்த்து வெட்டினார்கள். ஒரு வரியை நகலெடுக்குமுன் அது நம் மண்ணில் நிற்குமா என்று கேள். உனக்கு எத்தனை முறை சொன்னேன்!

விளிம்பு இன்னொரு உபகாரமும் செய்தது. தானம் கொடுத்தவர்களின் பெயரைப் பெரும்பாலும் அந்த விளிம்புக்குக் கீழேதான் பொறித்தார்கள். மழை படாத இடம். அதனால்தான் எழுத்து பிழைத்தது. கல்வெட்டறிஞர் பரணவிதான 1970இல் வெளியிட்ட தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமிக் கல்வெட்டுகள் வாசிக்கக் கிடைக்கின்றன என்றால், அவருடைய கண்ணுக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் அந்தக் கற்தச்சருடைய உளிக்கு நன்றி சொல்ல வேண்டும். மகிந்த தேரரையும் இத்திய தேரரையும் குறிப்பிடுகிற கல்வெட்டும் இராஜகலவில்தான் இருக்கிறது. மகாவம்சத்தில் மட்டும் கேட்ட பெயர்களைக் கல்லில் காண்பது சின்ன விஷயமில்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே வெட்டுதான். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. மேலே நீர்வடி விளிம்பு, தமிழ்ப் பிராமி எழுத்து, அதில் நெடுஞ்செழியன் பெயர். இப்படிப்பட்ட குகை எழுத்துகளின் மொழி தமிழ் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக் காட்டினார். மதம் வேறு, மொழி வேறு, மன்னன் வேறு. தண்ணீரைத் தடுத்த முறை ஒன்று.

நீங்கள் அவ்வளவு தூரம் ஓடினீர்களே, பக்கத்தில் இறக்காமத்துப் பகுதியில் குடுவில் இருக்கிறது, அங்கே ஏன் போகவில்லை? குடுவில் கல்வெட்டு தீகவாபி வணிகரைச் சொல்கிறது, 'தமேட' என்ற சொல்லும் அதில் வருகிறது. அது தமிழர் என்பதன் பிராகிருத வடிவம். வரலாற்றாசிரியர்கள் பத்மநாதனும் இந்திரபாலாவும் எழுதியதைப் படி. யாருடைய மலை, யாருடைய ஊர் என்று இன்றைக்கு மேடை போட்டுச் சண்டை பிடிக்கிற யாரும் அந்தப் பாறைக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றதில்லை. வணிகர், தமிழர், புத்த சங்கம் எல்லாம் ஒரே பாறையில் சேர்ந்து நிற்கிற வரி அது. இந்த ஊரில் பிறந்த பிள்ளை அதைப் பார்க்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சேனாநாயக்க சமுத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஆனால் அதை நீ "பழைய அரசன் கட்டிய ஏரி" என்று எழுதியதைச் சும்மா விடவும் மாட்டேன். இரண்டும் பிழை. முதலில், நாம் ஏரி என்று எழுதுவதில்லை, குளம் என்போம். நம் பக்கத்தில் பெரிய இயற்கை நன்னீர் ஏரி கிடையாது. நீ இங்கே பார்க்கிற பெரிய நன்னீர்ப்பரப்பு எதுவானாலும் யாரோ மண் சுமந்து கட்டியது. இரண்டாவது, அரசன் யாரும் கட்டவில்லை. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலவில் மறித்து, 1949இல் தொடங்கிய வேலை அது. அணை ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளம். கட்டிய மொறிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பெனி, ஹூவர் அணையைக் கட்டிய கூட்டுக் கம்பெனிகளில் ஒன்று. பெயர் முதல் பிரதமர் டீ. எஸ். சேனாநாயக்கவுடையது. உன் வாப்பாவின் வயலுக்கு வருகிற தண்ணீருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தண்ணீர் பிரித்துவிடுகிற வட்டவிதானையிடம் போய்க் கேள். வலதுகரை, இடதுகரை, ஆற்றுப் பிரிவு என்று மூன்றாகப் பிரித்து அவர் சொல்வதை எந்தப் புத்தகமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இறக்காமக் குளம் அதற்கு வெகுகாலம் முந்தியது. 1850களில் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் அதைத் திருத்தினார்கள். புரோகியரின் நீர்ப்பாசன நூலை என்னிடம் வந்து எடுத்துக்கொள். முதல் பக்கத்தில் தேத்தண்ணிக் கறை படாமல் பார்த்துக்கொள்ளும்படி உம்மாவிடம் சொல்.

நீங்கள் போனது ஆவணியில். கச்சானில் குளத்தின் அடி தெரியும், குகை வாயில் ஒரு சொட்டும் விழாது, மலையுச்சிக் குழி பச்சை பிடித்துக் கிடக்கும். ஒன்றுமில்லை என்று தோன்றத்தான் செய்யும். தையில், மழை சற்று விட்டு, குளம் வான் பாய்கிற நாளில் திரும்பப் போங்கள். மூன்றையும் ஒரே பகலில் வேண்டாம், ஒன்று போதும். இராஜகலவில் யானை நடமாட்டம் உண்டு, காவலாளிகளிடம் சொல்லாமல் குகைப் பக்கம் போகாதே. கையில் ஒரு டோர்ச் கொண்டுபோ. எழுத்துமேல் நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சரித்துப் பிடி, எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், உடனே வாசிக்கலாம்.

அதற்கு முதல் ஒரு வேலை. நீ அனுப்பிய ஏழாவது படத்தில், கோவிந்தஹெல உச்சிக் குழியின் வலப்பக்க ஓரத்தில் ஒரு நேர்கோடு தெரிகிறது. என் போனில் பெரிதாக்கினால் கலங்கிப் போகிறது. உன் போனில் உள்ள மூலப்படத்தை மின்னஞ்சலில் அனுப்பு. பாறை தானாக வெடித்த கோடு என்றால் ஓரம் சிலும்பி இருக்கும். உளி பட்டது என்றால் சிறு சிறு குழிவுகள் ஒரே சரிவில் வரிசையாக இருக்கும். உனக்கு எது தெரிகிறது என்பதை என்னிடம் கேட்காமல் முதலில் நீயே எழுது.

வஸ்ஸலாம்,
உன் ஆசிரியர்