நீர்வண்ண ஓவியமும் பழங்கோயிலும்

அதிகாலையில் பால்மரம் வெட்டச் செல்வோர் ஒன்றைக் கவனித்திருப்பர். அருகில் நிற்கும் மரத்தின் பட்டை தெளிவாகத் தெரியும். பத்து நிரைகளுக்கு அப்பாலுள்ள மரங்கள் மங்கலாகும். தொலைவிலுள்ள மலையோ வெளிர்நீலமாகத் தோன்றும். இடையிலுள்ள காற்றே இதற்குக் காரணம். இவ்வியல்பை அறிந்தே ஓவியர்கள் தட்டையான தாளில் தொலைவைக் காட்டுகின்றனர்.

அத்தகைய ஓவியருள் ஒருவர் டேவிட் ராபர்ட்ஸ். 1796-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் காலணி தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். ஏழாண்டுகள் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலைப் பயின்றார். பின்னர் நாடக மேடைத் திரைகளைத் தீட்டினார். அத்தொழில்களில் பழகிய கையே அவரை உலகறிந்த ஓவியராக்கியது.

1839 மே மாதத்தில் அவர் லெபனான் நாட்டிலுள்ள பால்பெக் நகரை அடைந்தார். இரு மலைத்தொடர்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கில் உரோமானியர் எழுப்பிய கோயில்கள் அங்குச் சிதைந்து கிடந்தன. பெருங்கோயிலில் ஆறு தூண்களே எஞ்சி நின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர் உயரம்.

ராபர்ட்ஸ் முதலில் பென்சிலால் கோடிட்டார். பிறகு நீரில் கரைத்த வண்ணத்தை மெல்லிய படலமாகப் பூசினார். ஒளி மிகுந்த இடங்களில் வெண்மையைத் தொட்டு வைத்தார். தூண்களின் அடியில் சிறு மனித உருவங்களை வரைந்தார். அவற்றைக் கண்ட பின்னரே தூண்களின் பேருருவம் நமக்கு விளங்குகிறது.

இவ்வோவியங்கள் அழகுக்கு மட்டும் உரியவை அல்ல. 1759-இல் நேர்ந்த நிலநடுக்கத்தால், அங்குள்ள மற்றொரு கோயில் வாயிலின் நடுக்கல் நழுவி, விழுந்துவிடுமோ என அஞ்சும்படி தொங்கியது. ராபர்ட்ஸ் அதனை அவ்வாறே வரைந்தார். பிற்காலத்தில் அக்கல் மீண்டும் உரிய இடத்தில் நிறுத்தப்பட்டது. ஒளிப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான். ஆகவே, அன்றைய நிலையை நமக்கு உரைப்பது அத்தொழிலாளி மகனின் தூரிகையே.

நம் நாட்டிலும் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடமளித்துவிட்டன. பழைய லயங்களும் புகைக்கூடங்களும் பல இடங்களில் மறைந்துவிட்டன. எஞ்சியவற்றை நம் பிள்ளைகள் வரையட்டும். அருகிலுள்ளதை அழுத்தமாகவும் தொலைவிலுள்ளதை மெலிதாகவும் தீட்டி, பக்கத்தில் ஓர் ஆளையும் நிறுத்திக் காட்டட்டும். ராபர்ட்ஸ் செய்ததுபோல் இடத்தையும் நாளையும் தாளின் ஓரத்தில் எழுதிவைக்கட்டும். ஒரு பென்சிலும் ஒரு வண்ணப்பெட்டியும் இதற்குப் போதும். கட்டடம் மறைந்த பின்னும், அதில் வாழ்ந்தோரின் வரலாற்றை அத்தாள் காத்து நிற்கும்.