சரித்திர நாவல் எழுத வரும் பிள்ளைகளுக்கு

சரித்திர நாவல் எழுத ஆசைப்பட்டு வருகிறவர்களிடம் நான் ஜேசன் குட்வினைப் பற்றிச் சொல்வதுண்டு. ஆங்கிலேயர். அவர் நாவல்கள் நடப்பதோ இஸ்தான்புல்லில்.

1. நாவலில் தொடங்காதீர்கள். குட்வின் கேம்பிரிட்ஜில் பைசாந்திய வரலாறு படித்தார். பிறகு தேயிலையைத் தேடி இந்தியாவும் சீனாவும் சுற்றி ஒரு பயண நூல் எழுதினார். 1998இல் ஒட்டோமான் பேரரசின் வரலாற்றை எழுதினார். முதல் நாவல் வந்தது 2006இல்தான். மறு ஆண்டே அதற்குத் துப்பறியும் கதைகளுக்கான எட்கர் விருது.

2. நடந்து பாருங்கள். அவர் போலந்தின் கடற்கரையிலிருந்து இஸ்தான்புல்வரை நடந்தே போனவர்.

3. பேரரசின் பொற்காலத்தை விட்டுவிடுங்கள். அங்கே எல்லாரும் ஏற்கெனவே கூடாரம் போட்டாயிற்று. குட்வின் எடுத்துக்கொண்ட ஆண்டு 1836. அதற்குப் பத்தாண்டு முன்பு, கலகம் செய்த தன் சொந்த ஜானிசரிப் படையை சுல்தான் இரண்டாம் மஹ்மூத் பீரங்கி வைத்து அழித்திருந்தார். படை போய்விட்டது, பகை போகவில்லை. கதைக்கு வேறென்ன வேண்டும்?

4. தகவலை ஓரத்தில் அலங்காரமாகத் தொங்கவிடாதீர்கள், கதையை அதிலிருந்தே எடுங்கள். ஜானிசரிகளுக்குச் சமையல் அண்டா கோயில் மூர்த்தி மாதிரி. அதைக் கவிழ்த்தால் கலகம் என்று பொருள். படைப்பிரிவுத் தலைவரின் பதவிப் பெயரே ‘சூப் காய்ச்சுபவர்’. குட்வினின் முதல் நாவலில் அவர்களுக்குப் பதிலாக வந்த புதிய படையின் அதிகாரி ஒருவர் பிணமாகக் கிடப்பது ஓர் அண்டாவுக்குள். அந்தக் காலத்தை அறிந்தவருக்கு அது வெறும் கொலையாகத் தெரியாது.

5. நாயகனுக்கு வாளும் குதிரையும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். குட்வினின் துப்பறிவாளர் யாஷிம் ஓர் அண்ணகர், ஆண்மை நீக்கப்பட்டவர். அந்தப்புரத்துக்குள்ளும் போவார், சந்தையிலும் அலைவார். சாதாரண ஆணுக்கு அது வாய்க்காது. அவருடைய நண்பர் போலந்துத் தூதர். போலந்தோ 1795லேயே மூன்று அரசுகளால் பங்கு போடப்பட்டு வரைபடத்திலிருந்து மறைந்த நாடு. இல்லாத நாட்டுக்கு ஒரு தூதர்! இருவரும் சேர்ந்து சாப்பிடும் இடங்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

6. சாப்பாட்டை எழுதுங்கள், சரியாக எழுதுங்கள். மிளகாயே அறியாத சோழ வீரனுக்கு மிளகாய்ச் சட்னி பரிமாறிய கையெழுத்துப் பிரதிகள் இன்னும் என்னிடம் வருகின்றன. யாஷிம் தானே சந்தைக்குப் போய், தானே சமைப்பார். குட்வினின் தாயார் ஜோகாஸ்டா இன்னஸ் சிக்கனச் சமையலுக்குப் புத்தகம் எழுதிப் பேர் வாங்கியவர். அந்த வாசனை மகனிடமும் இருக்கிறது. 2014இல் வந்த ஐந்தாவது நாவலின் தலைப்பிலேயே பக்லவா. 2016இல் யாஷிமின் சமையலையே தனிப் புத்தகமாகப் போட்டுவிட்டார்.