ராத்திரியில் பல் படும் பாடு



எலும்பில் முளை அடித்தது மாதிரி பல்லு நிற்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் நார்கள் இருக்கின்றன. தூளியில் பிள்ளை தொங்குவது போல, பல் இந்த நார்களில் தொங்குகிறது. சோற்றில் ஒரு கல் நறுக்கென்று அகப்பட்டால் வாய் தானாகத் திறந்துவிடுகிறதே, அந்தச் சேதியை மூளைக்கு அனுப்புவதும் இந்த நார்களில் உள்ள நரம்புதான்.

பகலில் இந்தக் காவல் ஒழுங்காக நடக்கும். கோளாறு தூங்கிய பிறகுதான்.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. பல்லும் இந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதுதான். குழந்தையின் பல்லில் எனாமல் நாளுக்கு ஒரு நுண்ணிய கோடாக வளர்கிறது; பிறந்த நாளுக்கென்றே தனிக் கோடு உண்டு. முளைக்கிற பல் பெரும்பாலும் ராத்திரியில்தான் மேலே ஏறுகிறது. எலிகளின் பல்லைக் கம்பியால் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். அவை ஓய்வெடுக்கும் நேரத்தில் (எலிக்குப் பகல்தான் ராத்திரி) பல் அதிகமாக நகர்ந்தது. அதே பாரம்தான், வேளை மாறினால் பலன் மாறுகிறது!

இப்போது நம் கதைக்கு வருவோம். தூக்கத்தில் எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடும். எச்சில்தான் புளிப்பைக் கழுவிப் பல்லைக் காப்பது. அந்த நேரத்தில் சிலர் பல்லை நறநறவென்று கடிக்கிறார்கள். விழித்திருக்கும்போது வலிக்கிற அளவுக்கு யாரும் கடிக்கமாட்டோம். தூக்கத்தில் அந்தத் தடை தளர்ந்துவிடும். எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. அதை உண்டாக்கிய அணுக்கள் பல் முளைத்ததோடு போய்விட்டன.

காலையில் தாடை அசதி, நெற்றிப்பொட்டில் வலி, பல் நுனி தட்டையாதல், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம்: இவை அதன் அடையாளங்கள். கவலை, அரைகுறைத் தூக்கம், சிகரெட், மது எல்லாம் இதைக் கூட்டும். செம்பனை ஆலையில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களுக்குத் தூக்கம் கெடுவது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து படுப்பவர் சீனி போட்ட பால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அப்படியே சாயக்கூடாது. காலை எட்டு மணியானாலும் படுக்கப்போகுமுன் பல் துலக்குவதே உங்களுக்கு ராத்திரித் துலக்கல். ஜன்னலுக்குக் கனத்த துணி போட்டு இருட்டாக்கிக்கொள்ளுங்கள். பகலில் வேலை செய்யும்போது உதடு மூடியிருக்கட்டும், பல் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும்.

பிள்ளை பல்லைக் கடித்தால் 'வயித்துல பூச்சி' என்று பாட்டிமார் சொல்வதுண்டு. பூச்சி மருந்து கொடுத்தால் பல் கடிப்பது நின்றுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர அது தானாகக் குறையும். குறட்டையும் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கு, பல் டாக்டர் அளவெடுத்து ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து தருவார். அது கடிப்பதை நிறுத்தாது, தேய்மானத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஆகவே கடித்தால் வலிக்கிறது, சொத்தையும் காணோம் என்றால், 'புடுங்கிப் போடுங்க டாக்டர்' என்று சொல்லிவிடாதீர்கள். ராத்திரி பல் கடிப்பதை முதலில் சொல்லுங்கள். உங்களுக்கே அது தெரிந்திருக்காது. பக்கத்தில் படுப்பவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.