பாட்டாவின் கேள்வியும் ஊட்டியின் பதிலும்



போன மாதம் ஒருநாள் ராத்திரி கரண்ட் போனதும் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். கல்லூரியில் இயற்பியல் முதலாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன், "பேரண்டம் சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பில் தொடங்கியது" என்று பாடம் ஒப்பித்தான். பாட்டா வெற்றிலையை மென்றுகொண்டே, "அப்பம் நீ கூட நின்னு பாத்தியா மக்கா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அண்ணனுக்குப் பதில் வரவில்லை.

எனக்கு அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. யாரும் பார்க்காததை எப்படி நம்புவது? அண்ணனின் புத்தகத்தைப் புரட்டியும், நம் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இரண்டு கொள்கைகள்

நம் சூரியன் இருப்பது பால்வெளி மண்டலத்தில். இதைப் போல கோடிக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நம்மைவிட்டு விலகிப் போகின்றன. எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகம். 1929-இல் எட்வின் ஹபிள் இதை வெளியிட்டார்.

விலகிப் போகிறது என்றால் முன்பு நெருங்கி இருந்திருக்க வேண்டும், எனவே ஒரு தொடக்கம் உண்டு என்றது பெருவெடிப்புக் கொள்கை. ஆனால் 1948-இல் ஹாயில், பாண்டி, கோல்டு என்ற மூவர் வேறு விதமாகச் சொன்னார்கள். மண்டலங்கள் விலக விலக, இடைவெளியில் புதிய பொருள் தோன்றிக்கொண்டே இருக்கும். அதனால் பேரண்டம் என்றைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றார்கள். இது மாறா நிலைக் கொள்கை.

நம் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்மார் போகிறார்கள், ஆறாம் வகுப்புத் தம்பிமார் வருகிறார்கள். பள்ளி அப்படியே இருக்கிறது. மாறா நிலையும் அப்படித்தான்!

பழைய போட்டோ

பள்ளி மாறியதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் பழைய குரூப் போட்டோக்களைப் பார்த்தால் போதும்.

வானத்திலும் அப்படிப் போட்டோ உண்டு. சூரிய ஒளி நம்மிடம் வர 8 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் ஒளி வர சுமார் 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதாவது எவ்வளவு தூரம் பார்க்கிறோமோ அவ்வளவு பழையதைப் பார்க்கிறோம். தூரத்து மண்டலங்களும் பக்கத்து மண்டலங்களும் ஒரே மாதிரி இருந்தால் மாறா நிலை சரி. வேறு மாதிரி இருந்தால் அது தப்பு.

நீலகிரி மலைச்சரிவில்

இந்தச் சோதனையில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு என்று அறிந்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம்! ஊட்டி பக்கம் முத்தோரையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. 1970-இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர்.

அதை மலைச்சரிவில் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை; அந்தச் சரிவும் ஏறக்குறைய அதே அளவு. அதனால் தொலைநோக்கியின் நீளம் பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைகிறது. ஒரே அச்சில் திருப்பினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். நம் கன்னியாகுமரியில் கட்டுவதாக இருந்தால் 8 பாகைச் சரிவு தேடியிருக்க வேண்டும்!

அளக்கும் வழி இன்னும் அழகு. சந்திரன் நகரும்போது ரேடியோ மண்டலங்களை மறைக்கும். ரோட்டில் மெதுவாக வரும் பஸ், எதிர்க்கடையின் சின்ன பல்பைச் சட்டென்று மறைத்துவிடும். நீளமான டியூப் லைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறைக்கும். அதே போல, மறையும் விதத்தையும் நேரத்தையும் வைத்து மண்டலம் வானத்தில் எவ்வளவு அகலம் என்று கணக்கிட்டார்கள்.

தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிவது சாதாரணம்தான். ஆனால் 1975-இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவுகளில், தூரத்துக்கான கணக்கைப் பார்த்த பிறகும் பழைய ரேடியோ மண்டலங்கள் இன்றையவற்றைவிடச் சிறியவையாக இருந்தன. பழைய போட்டோவும் புதிய போட்டோவும் ஒத்துப்போகவில்லை! பேரண்டம் மாறியிருக்கிறது.

இந்த ஒரு சான்றினால் மட்டும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 1965-இலேயே பென்சியாஸ், வில்சன் இருவரும் வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் நுண்ணலைகளைக் கண்டார்கள். ஆதியில் இருந்த பெரும் வெப்பத்தின் மிச்சம் அது. பல சான்றுகள் ஒரே பக்கம் கை காட்டினால்தான் அறிவியல் ஒத்துக்கொள்ளும்.

பாட்டாவிடம் போய்ச் சொன்னேன்: "யாரும் கூட நின்னு பாக்கல பாட்டா. ஆனா பழைய போட்டோ கெடச்சிருக்கு."

பாட்டா கொஞ்ச நேரம் வானத்தையே பார்த்தார். "செரி, அந்த வெடிக்கு முன்ன என்ன மக்கா இருந்துச்சு?"

நண்பர்களே, இதற்கு உலகத்தில் யாரிடமும் இன்னும் முடிவான பதில் இல்லை. அதைக் கண்டுபிடிக்கிறவர் நம் வகுப்பில்கூட இருக்கலாம். மார்கழி மாதம் மேகமில்லாத முன்னிரவில், விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் நின்று வடக்கே உயரப் பாருங்கள். புகை போல ஒரு சின்னத் திட்டு தெரிந்தால் அதுதான் ஆண்ட்ரோமீடா. நீங்கள் பார்ப்பது 25 லட்சம் ஆண்டுப் பழைய போட்டோ!

– 11-ஆம் வகுப்பு மாணவன்