ஆடும் குதிரை கவிழாதது ஏன்?



சிறு வயதில் நீங்கள் மரக்குதிரையில் ஏறி ஆடியிருப்பீர்கள். இப்போது ஏறினால், பாவம், அது தாங்காது! ஆனால் இப்போது நீங்கள் வேறொன்று செய்யலாம். அப்படி ஒரு குதிரையை நீங்களே திட்டமிட்டு அமைக்கலாம். சும்மா ஆடுகிற குதிரை அல்ல. தலையை அசைத்து, வாலை வீசிக்கொண்டு ஆடுகிற குதிரை.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கேள்வி. மரக்குதிரை ஆடும்போது முன்புறம் சாய்கிறது. சாய்ந்த பொருள் விழவேண்டியதுதானே? அது ஏன் திரும்பி வருகிறது? அப்படியானால் சில குதிரைகள் மட்டும் திரும்பி வராமல், ஏறிய பிள்ளையையும் சேர்த்துக் கவிழ்த்து விடுவது ஏன்?

இதற்கு விடை தெரியாமல் குதிரை செய்தால் அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். தம்பியையோ தங்கையையோ நம்பி அதில் ஏற்ற முடியாது.

தஞ்சாவூர்ப் பொம்மை சொல்லும் பாடம்

தஞ்சாவூரில் செய்யப்படும் ராஜா ராணி பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். எப்படித் தள்ளினாலும் அவை எழுந்து நின்றுவிடும். அவற்றின் அடிப்பகுதி உருண்டையாக இருக்கும், கனமாகவும் இருக்கும். இந்த இரண்டு செய்திகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பகுதியை ஒரு பந்தின் துண்டு என்று நினைத்துக்கொள்வோம். அந்தப் பந்து முழுமையாக இருந்தால் அதற்கு ஒரு மையம் இருக்கும் அல்லவா? அதை ‘வளைவு மையம்’ என்று அழைப்போம். பொம்மையின் எடை முழுவதும் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளியை ‘ஈர்ப்பு மையம்’ என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள்.

பொம்மை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வளைவு மையம் தரையைத் தொடும் புள்ளிக்கு நேர் மேலேயே இருக்கும். பந்து உருளும்போதும் இப்படித்தான். ஆனால் ஈர்ப்பு மையம் அப்படி இருப்பதில்லை. அது வளைவு மையத்துக்குக் கீழே இருந்தால், பொம்மை வலப்புறம் சாயும்போது தொடும் புள்ளிக்கு இடப்புறமாக வந்துவிடும். உடனே எடை பொம்மையை இடப்புறமாக இழுக்கும். பொம்மை நிமிரும். இதுவே உறுதிச் சமநிலை.

ஈர்ப்பு மையம் வளைவு மையத்துக்கு மேலே இருந்தால் என்ன ஆகும்? பொம்மை வலப்புறம் சாயும்போது அதுவும் வலப்புறமே போகும். எடை மேலும் சாய்க்கும். பொம்மை விழும். இது உறுதியற்ற சமநிலை. இரண்டு மையங்களும் ஒன்றாகவே இருந்தால், தரையில் கிடக்கும் பந்தைப் போல விட்ட இடத்தில் நிற்கும். இது நடுநிலைச் சமநிலை.

மரக்குதிரையின் கீழே உள்ள வளைந்த சட்டங்களுக்கும் இதே விதிதான். சுருக்கமாகச் சொன்னால், ஈர்ப்பு மையத்தின் உயரம் வளைவின் ஆரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

மாதிரிக் குதிரை செய்வோம்

தேவையான பொருள்கள்: கெட்டி அட்டை, மூங்கில் சிம்புகள், மெல்லிய கம்பி, பசை, களிமண், நூல், சில நட்டுகள்.

முதலில் வளைசட்டங்கள். ஓர் ஆணியில் நூலைக் கட்டி, 20 செ.மீ. தள்ளிப் பென்சிலைக் கட்டி அட்டையில் ஒரு வில் வரையுங்கள். வில்லின் இரு நுனிகளுக்கும் இடையே உள்ள நேர்த்தூரமும் 20 செ.மீ. இருக்கட்டும். அப்போது வில் மையத்தில் 60 பாகைக் கோணத்தை அமைக்கும். ஏன் என்று கேட்கிறீர்களா? நூலின் இரு நிலைகளையும் வில்லின் நுனிகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சமபக்க முக்கோணம் கிடைக்கும். வில்லுக்கு மேலே கொஞ்சம் அகலம் விட்டு வெட்டுங்கள். இதேபோல் இன்னொன்று வெட்டி, இரண்டையும் 8 செ.மீ. இடைவெளியில் இரண்டு குறுக்குச் சிம்புகளால் இணையுங்கள்.

அடுத்து உடல். கால்களோடு சேர்ந்த குதிரை உடலை, தலையில்லாமல், ஒரே அளவில் இரண்டு அட்டைகளில் வெட்டுங்கள். குளம்பிலிருந்து முதுகு வரை 12 செ.மீ. போதும். இரண்டு அட்டைகளுக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி இருக்குமாறு தக்கைத் துண்டுகளை வைத்து ஒட்டுங்கள். குளம்புகளைக் குறுக்குச் சிம்புகளில் ஒட்டிவிட்டால் குதிரை நிற்கும்.

முதுகின் நடுவில் ஒரு சிம்பை நேராக நிறுத்துங்கள். இவர்தான் நம் குதிரை வீரர்! அதன் உச்சி தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தரையிலிருந்து சரியாக 20 செ.மீ. உயரத்தில் அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். வளைவின் ஆரம் 20 செ.மீ. அல்லவா? ஆகவே அந்தச் சிவப்புக் கோடுதான் வளைவு மையம்.

முதல் சோதனை

குதிரையை இலேசாகத் தள்ளிவிட்டு, பத்து அலைவுகளுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். பத்தால் வகுத்தால் அலைவு நேரம் கிடைக்கும். ஏன் ஒரே அலைவை அளக்கக் கூடாது? கடிகாரத்தைப் பார்ப்பதில் ஏற்படும் பிழை பத்து அலைவுகளில் பங்கிடப்பட்டுக் குறைந்துவிடும் என்பதால்தான்.

இப்போது இரண்டு நட்டுகளைச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, குதிரையின் முதுகை ஒட்டிக் கட்டுங்கள். மறுபடி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே நட்டுகளைச் சிம்பின் உச்சியில் கட்டி அளந்து பாருங்கள். குதிரை மெதுவாக ஆடும். மேலும் ஒரு நட்டைச் சேர்த்தால் இன்னும் மெதுவாகும். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் குதிரை சாய்ந்தபடி தயங்கும்; பிறகு திரும்பாமல் கவிழும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிவப்புக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு எடை சேர்த்தாலும் ஈர்ப்பு மையம் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. கோட்டுக்கு மேலே சேர்க்கும் எடைதான் ஆபத்து. கவிழுமுன் குதிரை நமக்கு எச்சரிக்கையும் கொடுக்கிறது. ஆட்டம் மெதுவாகிக்கொண்டே போவதுதான் அந்த எச்சரிக்கை! வளைவு மையத்துக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடையே உள்ள தூரம் குறையக் குறைய, குதிரையை நிமிர்த்தும் விசையின் திருப்புத்திறன் குறைகிறது. அதனால் அலைவு நேரம் கூடுகிறது.

தலையும் வாலும்

இனி அசையும் உறுப்புகள். கழுத்தோடு கூடிய தலையை அட்டையில் வெட்டுங்கள். கழுத்தின் அடியில் 10 செ.மீ. நீளச் சிம்பு ஒன்றைக் கீழ்நோக்கி ஒட்டி, அதன் நுனியில் களிமண் உருண்டை ஒன்றைப் பிடித்து வையுங்கள். கழுத்தும் சிம்பும் சேரும் இடத்தில் துளையிட்டு, உடலின் இரு அட்டைகளுக்கும் நடுவே கம்பி அச்சில் மாட்டுங்கள். துளை சற்றுப் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் உராய்வு தலையை அசையவிடாது. தலை முன்புறம் தொங்கிப்போனால் சிம்பைக் கொஞ்சம் பின்புறம் சாய்த்து ஒட்டுங்கள்.

இப்போது தலை ஓர் ஊசல். அச்சுக்கு மேலே தலையின் எடை. கீழே களிமண்ணின் எடை. களிமண் வெற்றி பெறும் வரை தலை நிமிர்ந்திருக்கும். களிமண்ணைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் தலை மேலும் மேலும் மெதுவாக ஆடும். அதிகம் எடுத்துவிட்டால் தலை கவிழ்ந்துவிடும். சற்று முன் முழுக் குதிரையில் கண்டதையே இங்கும் காண்கிறோம். தாங்கும் புள்ளி அங்கே தரையில் இருந்தது. இங்கே அச்சில் இருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

முதலில் உடலைக் கையால் பிடித்துக்கொண்டு, தலை தனியாக ஆட எடுக்கும் நேரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு களிமண்ணைக் கூட்டியோ குறைத்தோ, தலையின் அலைவு நேரம் உடலின் அலைவு நேரத்துக்குச் சமமாக வரும்படி செய்யுங்கள். இப்போது குதிரையைத் தட்டிவிட்டால் தலை பெரிதாக ஆடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் உடல் தலையைத் தள்ளுகிறது. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். ஆனால் தலை பெரிதாக ஆடினால் உடலின் ஆட்டம் குறைவதையும் பாருங்கள். தலைக்கு ஆற்றல் எங்கிருந்தோ வரவில்லை, உடலிலிருந்துதான் போகிறது.

வாலைத் தேங்காய் நாரில் செய்யுங்கள், கனம் ஆகாது. நாரை ஒரு சிறு அட்டைத் துண்டில் ஒட்டி, அதைக் குதிரையின் பின்புறத்தில் இன்னொரு அச்சில் மாட்டுங்கள். தலைச் சிம்பில் அச்சுக்கு 2 செ.மீ. கீழே ஒரு துளை. வால் துண்டில் அதன் அச்சுக்கு 1 செ.மீ. கீழே ஒரு துளை. இரண்டையும் ஒரு மெல்லிய கம்பியால் இணையுங்கள். தலை குனியும்போது வால் எழும். தலை 10 பாகை திரும்பினால் வால் ஏறத்தாழ 20 பாகை திரும்பும். கம்பி இரண்டு துளைகளையும் ஒரே தூரம் நகர்த்துகிறது. வால் பக்கத்தில் ஆரம் பாதி. ஆகவே கோணம் இருமடங்கு.

காதையும் ஆட்டலாமா, முன்னங்காலையும் தூக்கலாமா என்று ஆசை வரும். ஒவ்வொரு அச்சும் கொஞ்சம் உராய்வைக் கொண்டுவரும் என்பதை மறக்காதீர்கள். ஓர் உறுப்பைச் சேர்த்தபின், குதிரை எத்தனை முறை ஆடி ஓய்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையே உங்கள் ஆசைக்குக் கொடுத்த விலை!

பிள்ளை ஏறினால்?

மாதிரி நன்றாக ஆடுகிறது. இனி தச்சரிடம் சொல்லிப் பெரிய குதிரை செய்யலாமா? கொஞ்சம் பொறுங்கள். முதலில் காகிதத்தில் கணக்குப் போடுவோம்.

குதிரையின் எடை 10 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. வளைவின் ஆரம் 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 40 என்பது 50-ஐவிடக் குறைவு. ஆட்டிப் பார்த்தால் குதிரை அழகாகத் திரும்பி வரும். ‘சரியாக இருக்கிறது’ என்று எல்லோரும் சொல்வார்கள்.

இப்போது 15 கிலோ எடையுள்ள பிள்ளை ஏறி உட்காருகிறது. பிள்ளையின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இரண்டுக்கும் சேர்ந்த ஈர்ப்பு மையத்தின் உயரம் என்ன?

10-ஐ 40-ஆல் பெருக்கினால் 400. 15-ஐ 70-ஆல் பெருக்கினால் 1050. கூட்டினால் 1450. மொத்த எடை 25-ஆல் வகுத்தால் 58 செ.மீ.

58 என்பது 50-ஐவிட அதிகம்! வெறுமனே நன்றாக ஆடிய அதே குதிரை, பிள்ளை ஏறியதும் கவிழும் குதிரையாகிவிட்டது. பிள்ளை சேட்டை செய்ததால் விழுந்தது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் குற்றம் பிள்ளைமேல் இல்லை, ஆரத்தின் மேல்.

பிள்ளை உட்கார்ந்தே இருக்குமா? மிதிபடியில் எழுந்தும் நிற்கும். அப்போது பிள்ளையின் ஈர்ப்பு மையம் 85 செ.மீ. என்று கொண்டால் மொத்தம் 67 செ.மீ. ஆகிறது. ஆகவே ஆரத்தை 90 செ.மீ. அளவில் வைத்தால் ஓரளவு இடம் கிடைக்கும். வில்லின் இரு நுனிகளையும் வளைக்காமல் நேராகச் சற்று நீட்டிவிடச் சொல்லுங்கள். மிகுதியாகச் சாயும்போது அவை தடுத்து நிறுத்தும்.

முடிந்தபின் பிள்ளையை உடனே ஏற்றாதீர்கள். பிள்ளையின் எடைக்குச் சமமான மணல் மூட்டையை, பிள்ளையின் ஈர்ப்பு மையம் இருக்கும் உயரத்தில் கட்டி ஆட்டிப் பாருங்கள். பிள்ளைகள் விளையாடும்போது வளைசட்டத்தின் அடியில் கால் விரல்கள் அகப்படாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

சோதனையை மதிக்காத கப்பல்

இது வெறும் பொம்மைக் கணக்கு என்று நினைக்காதீர்கள். கப்பலும் நீரில் ஆடும் ஒரு குதிரைதான். கப்பல் சாயும்போது நீர் அதை மேல்நோக்கித் தள்ளும் கோடும் கப்பலின் நடுக்கோடும் ஒரு புள்ளியில் சந்திக்கும். நம் சிவப்புக் கோட்டின் வேலையைக் கப்பலில் அந்தப் புள்ளி செய்கிறது. பியர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞர் 1746-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார்.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, ஸ்வீடன் நாட்டில் ‘வாசா’ என்ற போர்க்கப்பல் கட்டப்பட்டது. அதில் இரண்டு அடுக்குகளில் பீரங்கிகள். புறப்படுமுன் ஒரு சோதனை செய்தார்கள். முப்பது மாலுமிகள் மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஓடினார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு, கவிழ்ந்துவிடும் என்று அஞ்சிச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். சோதனையை நிறுத்தினார்களே தவிர, பயணத்தை நிறுத்தவில்லை! 1628 ஆகஸ்ட் 10 அன்று வாசா ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் பாய் விரித்தது. ஏறத்தாழ 1300 மீட்டர் தூரமே சென்றது. ஒரு காற்று வீசியதும் சாய்ந்து, பீரங்கி வாயில்கள் வழியே நீர் புகுந்து மூழ்கிப்போனது. பலர் உயிரிழந்தனர். 1961-இல் மேலே தூக்கப்பட்ட அந்தக் கப்பலை இன்றும் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் காணலாம்.

உங்கள் மேசையில் ஆடும் அட்டைக் குதிரையும் அந்த மாலுமிகள் கண்டதையேதான் காட்டுகிறது. அது மெதுவாக ஆடத் தொடங்கினால் சற்று நின்று, கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

நீங்களே முயலுங்கள்

1. எடுத்துக்காட்டில் வந்த 10 கிலோ குதிரையின் அடியில், தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் 10 கிலோ இரும்பைக் கட்டினால், பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது மொத்த ஈர்ப்பு மையத்தின் உயரம் என்ன? அப்போது 50 செ.மீ. ஆரம் போதுமா? பிள்ளை எழுந்து நின்றால்?

2. அட்டைக் குதிரையின் மூக்கில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். அதே நூலோடு, நட்டு கட்டிய தூக்குக்குண்டையும் தொங்கவிட்டு, உடலின் மேல் கோடு வரையுங்கள். வால் பக்கத்திலிருந்தும் இப்படியே செய்யுங்கள். இரு கோடுகளும் வெட்டும் இடமே ஈர்ப்பு மையம். அது சிவப்புக் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது? (தலை அசையாமல் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள்.)

3. சரியாகச் சிவப்புக் கோட்டின் மேலேயே நட்டுகளைக் கட்டினால் குதிரை கவிழுமா? அலைவு நேரம் மாறுமா? முதலில் விடையை எழுதிவிட்டு, பிறகு செய்து பாருங்கள்.